உப்பும் விளைய வேண்டும், கழுவெளியும் வாழ வேண்டும்

(இடையஞ்சாவடியில் விவசாயக் கூலித் தொழிலாளர்களும், உப்பளத் தொழிலாளர்களும், மீனவர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)



மரக்காணத்து அளங்களில் காலை வேலையை முடித்துவிட்டு, கைகால்களில் உப்புப் பூத்தபடியே பஸ் ஏறி இங்கே வந்திருக்கிறவர்கள் பலர். கழுவெளிக் கரைக் கிராமங்களிலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் மீனவர்கள் வந்திருக்கிறார்கள். கூட்டத்தை அளத்தங்கரையிலேயே போட்டிருக்கலாமே, எதற்காக எங்களை இந்த இடையஞ்சாவடிச் செம்மண் மேட்டுக்கு வரவழைத்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இன்று நமது முதல் காரியம்.

இன்று எங்கே பார்த்தாலும் ஒரு பேச்சு அடிபடுகிறது. இயற்கையைக் காப்பாற்றுவதா, ஜனங்களுக்குப் பிழைப்புக் கொடுப்பதா? மரமா, சோறா? நாரையா, மனிதனா? ஒரு சாரார் 'மரத்தைத் தொடாதே' என்கிறார்கள். இன்னொரு சாரார் 'அபிவிருத்தியைத் தடுக்காதே' என்கிறார்கள். இரண்டையும் தராசில் வைத்துச் சமன் செய்ய வேண்டும் என்று நடுவில் நின்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

தராசு நல்ல பொருள்தான். ஆனால் சந்தைக்குப் போய்ப் பழகிய நமது தாய்மார்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தராசை மட்டும் பார்த்தால் போதாது. அதைப் பிடித்திருக்கும் கையையும் பார்க்க வேண்டும். நமது கடற்கரையில் கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தத் தராசு பல தடவை தூக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அது யார் கையில் இருந்தது? உழைக்கும் ஜனங்கள் எந்தத் தட்டில் வைக்கப்பட்டார்கள், அல்லது தட்டில் வைக்கப்படவே இல்லையா? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மேட்டுக்கும் அளத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த மேட்டில் விழும் மழை எங்கே போகிறது? ஒரு பகுதி, பொம்மையார்பாளையம் பக்கத்துச் செம்மண்ணை அறுத்துக்கொண்டு கிழக்கே கடலுக்கு ஓடுகிறது. இன்னொரு பகுதி, ஏரிக்கு ஏரி வழிந்து கழுவெளியில் சேருகிறது. கழுவெளித் தண்ணீர் இடையன்திட்டு உப்பங்கழி வழியாக, ஆலம்பரைக் கோட்டைக்கு அருகே கடலைத் தொடுகிறது. அந்தக் கழியை அண்டித்தான் மரக்காணத்து உப்பளங்கள் இருக்கின்றன.

மாரிக் காலத்தில் கழுவெளியில் நல்ல தண்ணீர் நிற்கும். கோடையில் கடல் நீர் உள்ளே ஏறிக் கரிக்கும். இரண்டு நீரும் மாறி மாறி வருவதால்தான் அங்கே இறாலும் நண்டும் உண்டாகின்றன, கோரை வளர்கிறது. பூநாரையும் கூழைக்கடாவும் உள்ளானும் இரை தேடி வருவதும் அதனால்தான். பறவை பிழைக்கும் சேறும் மீனவன் பிழைக்கும் சேறும் ஒன்றே.

மேட்டில் மரமும் வரப்பும் இல்லையென்றால் என்ன ஆகும்? மழை செம்மண்ணை வாரிக்கொண்டு போய் ஏரியில் கொட்டும். ஏரி தூர்ந்தால் தேங்க வேண்டிய தண்ணீர் தேங்காது. ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ந்து அளத்தை அழிக்கும். 2024 நவம்பர் 30 இரவு புதுவைக்கு அருகே கரை கடந்த பெஞ்சல் புயலை நாம் மறக்கவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அளங்கள் மூழ்கின, வயல்கள் மூழ்கின. அப்படிப்பட்ட நாளில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள ஏரியும் சதுப்பு நிலமும் வேண்டும். அவற்றைத் தூர்த்துவிட்டுப் பிறகு நிவாரணப் பொட்டலம் கொடுப்பது புத்தியுள்ள ஏற்பாடு அல்ல.

தரைக்குக் கீழேயும் இதே கதைதான். நமது காலடியில் வானூர் மணற்பாறை என்று நிலநூலார் பெயரிட்ட பாறையடுக்கு இருக்கிறது. அதில் மழைத் தண்ணீர் ஊறி நிற்கிறது. கடலோர நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. அப்படியானால் ஆழ்துளைக் கிணறு போட்டு மேலே 1 அடியை இறைத்துவிட்டால், கீழே 40 அடி உப்பு ஏறி வரும். மேட்டில் தண்ணீர் இறங்கினால்தான் பள்ளத்தில் குடிதண்ணீர்க் கிணறு கரிக்காமல் இருக்கும். இடையஞ்சாவடிக்கும் மரக்காணத்துக்கும் உள்ள சம்பந்தம் இதுதான் தோழர்களே. அதனால்தான் கூட்டத்தை இங்கே போட்டோம்.

மரம் நட்ட கைகள்

இந்தக் கிராமத்தின் பெயரிலேயே இடையன் இருக்கிறான். ஆடுமாடு மேய்த்தவர்களின் ஊர். கம்பும் வரகும் மல்லாட்டையும் போட்டு, மழையை நம்பி வாழ்ந்த மேட்டுக்காடு. 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் நகரத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது இங்கே மரம் குறைவு. மண் அரிப்பு அதிகம். மழை பெய்தால் ஓடையெல்லாம் சிவப்பாக ஓடும். அதன்பின் மண்கரைகள் போடப்பட்டன, லட்சக்கணக்கான மரங்கள் நடப்பட்டன. இன்று நிழலுக்குக் குறைவில்லை.

இது நல்ல காரியம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. தூரதேசங்களிலிருந்து வந்தவர்கள் வெயிலில் நின்று பாடுபட்டார்கள்; அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் தனியாகவா செய்தார்கள்? குழி வெட்டியவர்களிலும் கரை போட்டவர்களிலும் இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், கோட்டக்கரை, ஆலங்குப்பம் ஜனங்கள் இல்லையா? இந்தக் காட்டில் அவர்களுடைய கூலி உழைப்பும் கலந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கன்று தழைக்க வேண்டுமானால் ஆடு விலகித்தான் ஆக வேண்டும். மேய்ச்சலை விட்டு விலகியவன் கொடுத்த விலை எந்தக் கணக்கில் எழுதப்பட்டது?

2021 டிசம்பரில் ஆரோவில்லின் வட்டச் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது பெரிய தகராறு எழுந்தது. சாலை வேண்டும் என்றது நிர்வாகம். காடு போகிறது என்றார்கள் அங்கே வசிப்பவர்களில் ஒரு பகுதியினர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஏப்ரல் 28-ல், சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பிறகே மேற்கொண்டு வேலை நடக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 மார்ச் 17-ல் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. சுத்தமான சுற்றுச்சூழலுக்கு உள்ள உரிமையைப் போலவே அபிவிருத்திக்கான உரிமையும் அடிப்படை உரிமைகளில் இடம் கோருகிறது, இரண்டுக்கும் இடையே சமநிலை காண வேண்டும் என்பது கோர்ட்டின் கருத்து.

யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்பு எழுத நாம் கூடவில்லை. நாம் கேட்பது வேறு. அந்த வழக்கின் மையக் கேள்வி அனுமதி தேவையா, இல்லையா என்பது. சாலை வந்தால் பக்கத்துக் கிராமத்துக்கு என்ன வேலை? காடு நின்றால் பக்கத்துக் கிராமத்துக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர்? இந்தக் கேள்விகள் அந்தத் தராசில் ஏறவில்லை. ஒரு தட்டில் மரம், இன்னொரு தட்டில் சாலை. குழி வெட்டியவன் எந்தத் தட்டிலும் இல்லை.

சரணாலயமும் ஜனங்களும்

அதே 2021 டிசம்பரில் இன்னொரு காரியமும் நடந்தது. வானூர், மரக்காணம் தாலுகாக்களில் 5,151.60 ஹெக்டேர் கழுவெளி நிலத்தை மாநில சர்க்கார் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நாம் இதை எதிர்க்கிறோமா? இல்லை. ஆக்கிரமிப்பாளன் கையிலும் மனைவியாபாரி கையிலும் சிக்காமல் கழுவெளி தப்ப வேண்டுமானால் சட்டப் பாதுகாப்பு தேவை. அதை மனப்பூர்வமாக வரவேற்கிறோம்.

ஆனால் கழுவெளியில் பறவை மட்டுமா பிழைக்கிறது? கோரை அறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாடு மேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் அமர்ந்து, வலைகூட இல்லாமல் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களிடம் பட்டா இல்லை, லைசென்சு இல்லை. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் ஒன்றுதான் இவர்களுடைய பத்திரம்.

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பலர் 'வெளியே போ' என்று சொல்லும் சட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? ஒரு நிலத்தைச் சரணாலயமாக்கும் நோக்கம் அறிவிக்கப்பட்டால், அதில் ஜனங்களுக்கு உள்ள உரிமைகளைக் கலெக்டர் விசாரிக்க வேண்டும். அந்தப் பகுதியில் உள்ள ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் மொழியில் பிரகடனம் வெளியிட வேண்டும். உரிமை கோருகிறவர்கள் 2 மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். தலைமை வனவிலங்குக் காப்பாளரைக் கலந்துகொண்டு, ஒருவருடைய உரிமை சரணாலயத்துக்குள்ளேயே தொடரலாம் என்று கலெக்டர் அனுமதிக்கவும் அதில் இடம் இருக்கிறது. ரிசர்வ் காட்டுக்கும் கடல் எல்லைக்கும் வேறு முறை உண்டு. ஆனால் சட்டத்தின் நோக்கம் தெளிவு: பறவையைக் காப்பாற்ற மனிதனை விசாரிக்காமல் விரட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை. எழுத்தில் இருப்பதை ஊருக்குள் கொண்டுவர நாம் எத்தனை பேர் கேட்டோம்?

நமக்குள்ளேயே சிக்கல் இல்லாமல் இல்லை. அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக் குப்பத்திலும் 235 கோடி ரூபாயில் மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் வந்தது; அது பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வழக்காகவும் வந்தது. கடலுக்குப் போகும் படகுக்காரருக்குப் பத்திரமான இறங்குதுறை வேண்டும், அது நியாயம். கழிமுகத்தில் சிறுவலை போடுகிறவருக்குக் கழிமுகம் கெடாமல் இருக்க வேண்டும்; அதுவும் நியாயம். இரண்டு நியாயங்கள் மோதும்போது இரு தரப்பையும் ஒரே பாயில் உட்கார வைத்து, கல் விழுந்தால் மணல் எந்தப் பக்கம் நகரும், முகத்துவாரம் அடைபடுமா என்று தமிழில் விளக்கியிருக்க வேண்டும். ஒரு குப்பத்தை 'அபிவிருத்தியின் நண்பன்' என்றும் பக்கத்துக் குப்பத்தை 'அபிவிருத்தியின் விரோதி' என்றும் பிரித்துப் பேசுவதால் லாபம் மீனவனுக்கு அல்ல.

வேடந்தாங்கல் சொல்லும் செய்தி

ஏழை ஜனங்கள் இருக்கும் இடத்தில் இயற்கை தங்காது என்று படித்தவர்களில் சிலர் பேசுகிறார்கள். அவர்களை இங்கிருந்து வடக்கே வேடந்தாங்கலுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுவோம். அங்கே பறவையைக் காத்தது எந்த இலாகா? முதலில் காத்தது அந்த ஊர் விவசாயிகள். பறவையின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அந்த உரிமையை அங்கீகரித்துக் கவுல் எழுதிக் கொடுத்தார். காட்டு இலாகா பிறக்காத காலம் அது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒரு இயற்கைச் செல்வம் வாழ்வதால் தன் வயலும் வாழ்கிறது என்று கண்டால், உழைப்பாளி அதற்குக் காவல் நிற்பான். அது வாழ்வதால் தன் அடுப்பு அணைகிறது என்று கண்டால், எத்தனை போர்டு நட்டாலும் காவல் நிற்காது.

இறால் பண்ணை கற்பித்த பாடம்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1990-களில் 'அபிவிருத்தி' என்ற பெயரில் நமது கடற்கரைக்கு இறால் பண்ணைகள் வந்தன. அன்னியச் செலாவணி வரும், வேலை வரும் என்றார்கள். இறால் கப்பலேறியது, உப்பு ஊரிலேயே தங்கியது. நெல் விளைந்த மண் உவர் தட்டியது. குடிதண்ணீர்க் கிணறு கரித்தது. நூறு பேர் நாற்று நட்ட இடத்தில் சில காவல்காரர்கள் மட்டும் நின்றார்கள்.

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் இதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த அந்தப் பண்ணைகளை மூடும்படி கோர்ட் சொன்னது. விவசாய நிலம், சதுப்பு நிலம், கிராமப் பொதுநிலம் மட்டுமல்ல, உப்பள நிலத்தையும் இறால் குளமாக மாற்றக் கூடாது என்றது. அத்துடன் நிற்கவில்லை. மூடப்படும் பண்ணைகளில் ஓராண்டுக்குக் குறையாமல் வேலை செய்த தொழிலாளிக்குச் சட்டப்படி சேர வேண்டிய ஈட்டுத்தொகை போக, கூடுதலாக 6 ஆண்டுக் கூலியையும் கொடுக்க வேண்டும் என்றது.

இதைக் கவனியுங்கள் தோழர்களே. மண்ணைக் காக்க ஒரு தொழிலை மூடுவதானால், அதன் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது, லாபம் எடுத்தவனே கொடுக்க வேண்டும் என்ற நியாயம் அங்கே பேசப்பட்டது. ஆனால் நடந்தது என்ன? மறுபரிசீலனை மனுக்கள் போயின. 2005-ல் கடலோர நீருயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணைகள் பதிவு செய்துகொண்டு நடக்க வழி திறந்தது. 6 ஆண்டுக் கூலி என்ற வாசகம் காகிதத்தில் தங்கிவிட்டது. தராசைப் பிடிக்கும் கை என்று முன்பு சொன்னோமே, அது இதைத்தான்.

அளத்தில் நிற்பவன் கணக்கு

அளத்துத் தொழில் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மழை விட்டதும் சேற்றை வாரி, பாத்தியைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் வற்றவிட்டு, உப்பு இறங்கும் பதம் பார்த்து வார வேண்டும். வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண் கூசும், கால் வெடிக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் வேலை நின்றுபோகும்.

2022-ல் மாநில சர்க்கார், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது. அது உழைப்பாளர்கள் நெடுநாள் கேட்டதன் பலன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மூன்று மாதத்துக்கு 92 நாள். ஒரு நாளைக்கு 54 ரூபாய் சொச்சம். ஒரு குடும்பத்தின் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் அது காணுமா?

இங்கேதான் நமது யோசனையைச் சொல்கிறோம். எந்த மாதங்களில் அளத்தில் வேலை இல்லையோ, அதே மாதங்களில்தான் ஏரியில் தண்ணீர் சேருகிறது, கழுவெளியில் பறவை வந்து இறங்குகிறது. மரம் நட ஏற்ற ஈரம், மதகும் கரையும் காக்க ஆள் தேவை, சரணாலயத்துக்குக் காவல் தேவை, எல்லாம் அதே மாதங்களில். இயற்கைக்கு வேலையாள் வேண்டும் காலமும், வேலையாளுக்கு வேலை வேண்டும் காலமும் ஒன்றாக இருக்கின்றன. பிறகு எங்கே இருக்கிறது மரத்துக்கும் சோற்றுக்கும் சண்டை?

நமது பக்கத்துத் தவறுகள்

பிறரைக் குறை சொல்லும் நாம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தொழில் ஊருக்கு வருகிறது என்றால், எத்தனை பேருக்கு வேலை, என்ன கூலி என்று கேட்டோம். அதன் கழிவுநீர் எந்த ஓடையில் விழும் என்று நாம் கேட்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரன் 200 அடி போட்டால் நாம் 300 அடி போர் போட்டோம். ஏரி வரத்து வாய்க்காலில் வீடு கட்டியவன் நமது ஆளாக இருந்தால் பேசாமல் இருந்தோம். பறவையைப் பற்றிப் பேசுவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று கிண்டல் செய்தவர்களும் நம்மில் உண்டு. இந்தப் போக்கை விட வேண்டும். கிணறு கரித்தால் பணக்காரன் லாரித் தண்ணீர் வாங்குவான். கூலிக்காரப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். ஆகவே சுற்றுச்சூழல் பிரச்னை வேறு யாருடையதோ அல்ல. அது நமது கூலிப் பிரச்னையைப் போலவே நமது பிரச்னை.

நாம் கேட்பது என்ன?

1. கழுவெளிச் சரணாலயத்தின் எல்லைப் படத்தைத் தமிழில், கரைக் கிராமங்கள் அனைத்திலும் ஒட்ட வேண்டும். கோரை, மேய்ச்சல், கைத்தடவல் இறால் பிடிப்பு ஆகிய வழக்கங்களை நேரில் விசாரித்து எழுத்தில் பதிய வேண்டும். கேடு செய்யாதவற்றைத் தொடர அனுமதிக்க வேண்டும்.

2. ஏரி தூர் எடுப்பு, வரத்து வாய்க்கால், மரம் நடுதல், பறவைக் காவல் ஆகிய வேலைகளை மழைக்கால மாதங்களில் உப்பளத் தொழிலாளருக்கும் விவசாயக் கூலிகளுக்கும் முதலில் கொடுக்க வேண்டும். வேலை கொடுக்க முடியாத நாளுக்கு, ஒரு குடும்பம் சாப்பிடும் அளவுக்கு நிவாரணம் வேண்டும்.

3. உப்பள நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் இறால் குளமாகவோ வீட்டுமனையாகவோ மாற்றக் கூடாது.

4. நிலத்தடித் தண்ணீரை அளந்து எடுக்கும் ஏற்பாடு வேண்டும். அதைப் பெரிய விடுதிகளிலும் மனைப்பிரிவுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் தொடங்க வேண்டும். சிறு விவசாயியிடம் அல்ல.

5. எந்தத் தொழிலையாவது சுற்றுச்சூழலின் பெயரால் மூடினால், நடத்தியவரே தொழிலாளிக்கு மாற்று வாழ்வுக்கான தொகையைக் கொடுக்க வேண்டும்.

6. சாலையோ துறைமுகமோ எதுவானாலும், முழு அறிக்கையையும் தமிழில் கிராம சபையில் படித்துக் காட்டிய பிறகே மேலே போக வேண்டும். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க விதிகளின் நகலை 22 மொழிகளில் மொழிபெயர்க்கும்படி டில்லி ஹைகோர்ட் உத்தரவிட வேண்டி வந்தது. புரியாத பாஷையில் கேட்கும் சம்மதம் சம்மதமல்ல.

தோழர்களே! இந்த ஆறையும் கொடுத்துவிட்டால் சொர்க்கம் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. இயற்கைக்கும் பிழைப்புக்கும் இடையே நிஜமான மோதல் எழும் நாட்கள் இனியும் வரும். அப்போது விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கும். நமது பங்கை விட்டுக்கொடுக்க நாம் தயார். ஆனால் என்ன விடுகிறோம், எதற்காக விடுகிறோம், பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு விட வேண்டும். தராசின் பக்கத்தில் நாமும் நிற்க வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு நமது ஊர்களிலிருந்து எத்தனை பேர் போகிறோம், கழுவெளி பற்றி எத்தனை மனுக்கள் எழுதிக் கொடுக்கிறோம் என்பதை வைத்துத்தான் இன்றைய கூட்டத்தின் பலனை அளக்க முடியும். அளத்திலிருந்து வந்தவர்கள் போகும்போது இந்த மேட்டு ஏரியின் கரையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். மேட்டுக்காரர்கள் ஒரு நாள் அளத்துக்கு வந்து பாருங்கள். ஒரே தண்ணீரை நம்பி வாழ்கிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வோம்.